சுங்கச் சலுகை யார் கைக்குச் சேருகிறது?

முதலாம் குலோத்துங்க சோழனைச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று நம் நாட்டவர் ஒன்பது நூற்றாண்டுகளாக நினைவில் வைத்திருக்கின்றனர். அவன் வென்ற போர்களை விட அவன் விலக்கிய சுங்கமே மக்கள் நாவில் நிலைத்தது. ஆயினும், காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலை முற்றத்தில் பொதிகளை அளந்து, புலி முத்திரை பொறித்து, உல்கு கொண்ட அலுவலர்களையும் பட்டினப்பாலை பெருமையுடனேயே பேசுகிறது. சுங்கம் விலக்கியவனையும் புகழ்கிறோம், சுங்கம் கொண்டவரையும் புகழ்கிறோம் என்றால், இவ்விரண்டும் முரண் அல்ல. சுங்கம் உண்டா இல்லையா என்பதன்று, அதனால் யார் வாழ்ந்தனர் என்பதே நம் முன்னோர் கேட்ட கேள்வி. நாமும் இன்று அதே கேள்வியைத்தான் கேட்க விரும்புகிறோம்.

நெசவாளர் சங்கங்களின் பொதுக் கூட்டங்களுக்குச் செல்லுந்தோறும், உறுப்பினருள் படித்த இளைஞர் ஒருவராவது எழுந்து, “சிறப்புப் பொருளாதார மண்டலம் என்கிறார்கள், பாண்டட் கிடங்கு என்கிறார்கள், அங்கெல்லாம் தீர்வையே இல்லையாம், தறிக்காரனுக்கு மட்டும் ஏன் அச்சலுகை இல்லை?” என்று வினவுவதைக் கண்டிருக்கிறோம். வினா நியாயமானது. அதற்கு ஒரு வரியில் விடையளித்து அமர்ந்து விடுவது நியாயமன்று. ஆகவே இவ்விதழ் வாயிலாக விஷயத்தைச் சற்று விரிவாக எடுத்துரைக்க முற்படுகிறோம்.

முதற்கண் பிணைக் கிடங்கு என்பது யாது என்று தெளிவோம். வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குக்கு உடனே தீர்வை செலுத்தாமல், சுங்க இலாகாவின் உரிமம் பெற்ற கிடங்கில் அதனை இறக்கி வைக்கலாம். தீர்வை மறைந்து போவதில்லை, காத்திருக்கிறது. சரக்கு உள்நாட்டுச் சந்தைக்கு வெளியேறும் அன்று, அன்றைய விகிதப்படி தீர்வை செலுத்த வேண்டும். அப்படியே வெளிநாடு சென்றால் தீர்வை இல்லை. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் ஒன்பதாம் அத்தியாயம் முழுவதும் இதனைப் பற்றியதே. அச்சட்டத்தின் 65-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே சென்று, கிடங்கினுள்ளேயே அச்சரக்கைக் கொண்டு பண்டம் உற்பத்தி செய்யவும் இடமளிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு நூற்பாலை பத்து இலட்சம் ரூபாய்க்கு அயல்நாட்டுப் பருத்தி தருவிக்கிறது என்று வைத்துக் கொள்வோம். 2021 பிப்ரவரியில் பருத்திக்கு விதிக்கப்பட்ட தீர்வை, மேல்வரிகளும் சேர்ந்து நூற்றுக்குப் பதினொன்று. அக்கணக்கில் தீர்வை மட்டும் 1,10,000 ரூபாய். பருத்தி நூலாகித் துணியாகிக் கப்பலேறிப் பணம் வந்து சேரும் வரை இத்தொகை முடங்கிக் கிடக்கும். பிணைக் கிடங்கு உடையவருக்கோ அது முடங்குவதில்லை. அதற்கு ஈடாகத் தீர்வையைப் போல் மும்மடங்குக்கு, அதாவது 3,30,000 ரூபாய்க்குப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே இச்சலுகை இனாம் அன்று, தவணை. முதல் குறைந்தவனுக்குத் தவணையும் பெரிய உதவியே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதனைப் பெறுவதற்குப் பிணை எழுதும் தகுதி வேண்டும், கணக்கு வைக்கும் ஆள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக இறக்குமதிச் சரக்கு வேண்டும்.

இவ்வேற்பாடு புதுச்சேரிக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘கினே’ என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த நீலத் துணி இங்கிருந்து ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுக்குச் சென்றது. தென்னார்க்காட்டுக் கொல்லைகளில் விளைந்த அவுரியிலிருந்து நீலம் எடுத்து, நம் ஊர்ச் சாயக்காரர் தோய்த்தெடுத்த பருத்தித் துணி அது. செனகல் ஆற்றங்கரையில் கருவேலங் கோந்து வாங்கச் சென்ற வணிகர், இத்துணியை நாணயத்தைப் போலவே எண்ணிக் கொடுத்துக் கோந்து வாங்கினர். துணி நேராக ஆப்பிரிக்கா செல்லவில்லை. பிரெஞ்சுத் துறைமுகங்களுக்குச் சென்று, ‘ஆந்த்ரப்போ’ என்னும் பிணைக் கிடங்கில் தங்கி, பிரான்சின் சந்தையில் நுழையாமல், மீண்டும் கப்பலேறிச் செனகல் சென்றது. போர்தோ நகர வணிகர் இவ்வியாபாரத்தில் முன்னின்றனர். நம் கைப்பட்ட துணி, நாம் காணாத கிடங்கில் தங்கி, நாம் அறியாத மக்களின் நாணயமாயிற்று.

இவ்வியாபாரத்தில் செழித்தவர் யார்? கிடங்கின் சாவியையும் கப்பலின் சரக்குப் பட்டியலையும் வைத்திருந்தவர்கள். நெய்தவனும் தோய்த்தவனும் அவுரி விளைத்தவனும் முன்பணம் வாங்கியவர்களாகவே இருந்தனர். 1820-களின் இறுதியில் இங்கு எந்திர ஆலை எழுந்தது. சவானா ஆலை என்று பெயர் பெற்றதும், 1936 ஜூலை 30-இல் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து பன்னிருவர் உயிர் துறந்ததும் அந்த ஆலையிலேதான். 1897-இல் ஜெர்மானிய இரசாயனக் கம்பெனி செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டு வந்த பின் அவுரிக் கொல்லைகளும் மறைந்தன. ஏற்றுமதி பெருகிய காலத்தில் விளைவிப்பவனுக்குச் சேமிப்பு ஏதும் சேரவில்லை. அது சுருங்கிய காலத்தில் நட்டம் முதலில் அவன் வாசலுக்கே வந்தது.

இரண்டாவது பாடம் நாம் குடியிருக்கும் கோரிமேட்டிலேயே கிடைக்கிறது. திண்டிவனம் சாலையில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடம் இது. 1941-இல் பிரெஞ்சிந்திய ஆட்சி பிரிட்டிஷ் இந்தியாவுடன் சுங்க உடன்படிக்கை செய்து கொண்டது. 1949-இல் அது முடிவுற்றது. அதன் பின், 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறும் வரை, புதுச்சேரி தீர்வையற்ற துறைமுகமாகவும், அதனைச் சூழ்ந்த எல்லை இந்தியச் சுங்கக் காவலுக்குட்பட்டதாகவும் இருந்தது. வரப்புக்கு இப்புறம் ஒரு விலை, அப்புறம் ஒரு விலை. தங்கமும் பிற விலையுயர்ந்த சரக்குகளும் இரவோடிரவாக எல்லை கடந்தன என்பது ஊரறிந்த கதை. கடத்தியவர் சிலர் செல்வந்தராயினர். ஆனால் தறிக்கு வேண்டிய நூலும், ஆலைக்கு வேண்டிய பருத்தியும் அதே எல்லையைத் தாண்டித்தானே வர வேண்டும்? தீர்வையற்ற துறைமுகத்தில் வாழ்ந்த நெசவாளி, நூலுக்குப் பர்மிட்டை எதிர்பார்த்து நின்றான்.

தீர்வையில்லாமை என்பது தானாகவே உற்பத்தியைப் பெருக்குவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? விலை வேறுபாடு எங்கே உண்டோ அங்கே ஆதாயம் உண்டு. அதனை உற்பத்தியாளன் அடைவதற்கு ஏற்பாடு செய்யாவிடின், இடையில் நிற்பவன் அடைந்தே தீருவான்.

சுதந்திர இந்தியாவில் 1965-இல் குஜராத்தின் கண்ட்லாவில் முதல் ஏற்றுமதி மண்டலம் தோன்றிற்று. 1980-களில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் ஒன்று அமைந்தது. பின்னர் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் சிறப்புப் பொருளாதார மண்டலங்களைச் சுங்க எல்லைக்கு வெளியே உள்ள பிரதேசமாகவே கருதும்படி விதித்தது. வேலிக்குள் இருப்பது இந்திய மண்ணே எனினும், சுங்கக் கணக்குக்கு அது அயல்நாடு. இம்மண்டலங்களால் பல ஊர்களில் வேலைவாய்ப்பு உண்டாயிற்று என்பதை மறுப்பது நேர்மையாகாது. தாம்பரமே அதற்குச் சான்று.

ஆனால் நம் ஊரில் நிகழ்ந்தது வேறு. சேதராப்பட்டு, கரசூர்ப் பகுதியில் சுமார் 750 ஏக்கர் நிலம் இத்தகைய மண்டலத்துக்கென எடுக்கப்பட்டது. மண்டலம் எழவில்லை. பல ஆண்டுகள் நிலம் வெறுமனே கிடந்தது. உழுதவன் உழவை இழந்தான். தொழிலாளி தொழிலைக் காணவில்லை. வேலி போட்டுவிட்டால் ஏற்றுமதி தானே வந்து சேரும் என்று எண்ணியதன் பலன் இது. 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின் 101-ஆம் பிரிவு, எடுத்த நிலம் ஐந்தாண்டுகள் பயன்படாமற் கிடப்பின் உரியவருக்கோ அரசின் நில வங்கிக்கோ திரும்ப வேண்டும் என்கிறது. அதற்கு முன் எடுக்கப்பட்ட நிலத்துக்கு அப்பிரிவு எழுத்தளவில் பொருந்தாமலிருக்கலாம். நியாய அளவில் பொருந்தும் என்பதே நமது துணிபு.

அயல்நாட்டு அனுபவம் ஒன்றையும் நோக்குவோம். பிணைக் கிடங்கு முறையால் பெருவளர்ச்சி கண்ட நாடு வங்காளதேசம். 1980-களின் தொடக்கத்திலிருந்து அங்குள்ள ஆடைத் தொழிற்சாலைகள் தீர்வையின்றித் துணியைத் தருவித்துத் தைத்து ஏற்றுமதி செய்தன. இன்று அந்நாட்டின் ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆயத்த ஆடைகளே. இலட்சக்கணக்கான ஏழைப் பெண்களுக்கு ஊதியம் கிடைத்தது. இது பெரும் நன்மை, மறைக்கலாகாது. ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஏற்றுமதிக்கெனத் தீர்வையின்றி வந்த துணியில் ஒரு பகுதி கிடங்கிலிருந்து கசிந்து, டாக்காவின் இஸ்லாம்பூர்ச் சந்தையில் விற்பனையாகிறது என்று அந்நாட்டு நூற்பாலையாரும் நெசவுத் தொழிலினரும் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். தைப்பவருக்குக் கதவாக இருந்தது, நெய்பவருக்கு ஓட்டையாயிற்று. கிடங்கின் கணக்கு நேராக இல்லாவிடின் முதலில் அடிபடுவது உள்நாட்டு நெசவாளியே என்பதை நாம் மறத்தலாகாது.

இனி நம் சங்கங்களுக்கு வருவோம். 2019-இல் மத்திய அரசு 65-ஆம் பிரிவின் கீழ்ப் புதிய விதிகளை வெளியிட்டது. குறிப்பிட்ட மண்டலத்துக்குள் செல்ல வேண்டியதில்லை. எந்த ஊரிலும் கிடங்கு உரிமம் பெறலாம். இத்தனை விழுக்காடு ஏற்றுமதி செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தள்ளி வைக்கப்பட்ட தீர்வைக்கு வட்டியும் இல்லை. காகிதத்தில் பார்த்தால், கோரிமேட்டிலும் முத்தியால்பேட்டையிலும் ஒரு கூட்டுறவுச் சங்கம் பிணைக் கிடங்கு நடத்தலாம்.

ஆனால் நடத்த வேண்டுமா? இங்கேதான் நாம் உற்சாகத்துக்குக் கடிவாளம் இட விரும்புகிறோம். நம் பருத்திக் கைத்தறிச் சங்கங்களின் நூல் உள்நாட்டு நூல். சாயத்திலும் இரசாயனத்திலும் ஒரு பகுதி, பட்டில் ஒரு பகுதி, இவையே வெளிநாட்டிலிருந்து வருபவை. அவையும் பெரும்பாலும் உள்ளூர்க் கடையில் வாங்கப்படுபவை. தீர்வை செலுத்தும் இறக்குமதியே இல்லாத இடத்தில் தீர்வையைத் தள்ளி வைப்பதால் யாருக்கு என்ன பயன்? மேலும், 65-ஆம் பிரிவுக் கிடங்கில் உற்பத்தியான பண்டத்துக்கு, ‘டிராபேக்’ என்று வழங்கும் தீர்வைத் திருப்பத்தின் பொது விகிதம் பொருந்தாது. இரண்டில் ஒன்றைத்தான் பற்றலாம். தண்ணீர் இல்லாத ஊரில் மதகு கட்டுவதைப் போல், இறக்குமதி இல்லாத சங்கம் பிணைக் கிடங்கு கேட்பது வீண் செலவு.

எனவே நெசவாளிக்கு உரிய சலுகை கிடங்கில் இல்லை. அந்தத் தீர்வைத் திருப்பத்தில்தான் இருக்கிறது. சுங்கச் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி, ஏற்றுமதியாகும் பண்டத்தின் மூலப்பொருள்கள் மீது ஏற்கெனவே விழுந்த தீர்வையைச் சராசரியாகக் கணக்கிட்டு, ஏற்றுமதி விலையில் ஒரு விகிதமாக அரசு திருப்பித் தருகிறது. இவற்றுள் அடங்காத பிற வரிகளுக்கென 2019-இலும் 2021-இலும் வேறு திட்டங்களும் தொடங்கப்பட்டன. நெசவாளி வாங்கிய சாயத்திலும் நூலிலும் ஒளிந்திருந்த வரி அது. அவன் கொடுத்த வரி. திரும்பி வருவது யாருடைய வங்கிக் கணக்குக்கு? ஷிப்பிங் பில்லில் யாருடைய பெயர் உண்டோ அவருடைய கணக்குக்கு.

இது நமக்கே உறைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஏற்றுமதிக்கென மேஜை விரிப்பும் கைத்துண்டும் நெய்து கொடுத்த ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். இருப்பும் சரி, ரொக்கமும் சரி, விற்பனைப் பட்டியலும் சரி; குறை கூற ஏதுமில்லை. கையெழுத்திட்டு ஏட்டை மூடும் வேளையில், தலைவராக இருந்த முதிய நெசவாளி தயங்கித் தயங்கிக் கேட்டார்: “இன்ஸ்பெக்டர் ஐயா, சரக்கை வாங்கினவர் கப்பலில் ஏற்றினால் சர்க்கார் அவருக்கு ஏதோ திருப்பிக் கொடுக்கிறதாமே, அதில் எங்களுக்குப் பங்கு உண்டா?”

“ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா, பெரியவரே?” என்று கேட்டோம்.

“ஒப்பந்தமா? ஆர்டர் போன்ல வந்தது ஐயா” என்றார்.

நம்மிடம் விடை இல்லை. பத்தாண்டுக்கு மேலாகச் சங்கங்களின் ஏடுகளைப் பார்த்து வருகிறோம். நாம் நிரப்பும் படிவத்தில் இதற்கென ஒரு கலம் இல்லை என்பதும், இல்லை என்று நாம் ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. வாங்கியவர் சட்டத்துக்குப் புறம்பாக எதுவும் செய்யவில்லை. அவர் பெயரில் கப்பலேறியது, அவருக்கு வந்தது. கேட்காதவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று எந்த வணிகரையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. குறை கேட்கத் தெரியாத சங்கத்துடையது. கேட்கக் கற்றுத் தராத நம் போன்ற அலுவலருடையதும் ஆகும்.

இதற்கு மறுப்புரை ஒன்று உண்டு. ‘ஏற்றுமதியாளர் விலையைக் கூறும்போதே அச்சலுகையைக் கணக்கிட்டுத்தான் கூறுகிறார், மேலும் சரக்கு திருப்பி அனுப்பப்பட்டால் நட்டம் அவருடையது, ஆகவே சலுகையும் அவருடையதே’ என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. அபாயத்தைச் சுமப்பவர் ஆதாயத்தில் ஒரு பங்கு பெறுவது முறையே. ஆனால் கணக்கிட்டுத்தான் விலை கூறப்பட்டது என்றால், அக்கணக்கை ஒப்பந்தத்தில் எழுதிக் காட்டுவதில் என்ன தடை? எழுதப்படாத பங்கு கொடுக்கப்பட்டதா இல்லையா என்பதை எந்தத் தணிக்கையும் கண்டறிய இயலாது.

விவசாயப் பெருமக்களும் இதனைத் தமக்குத் தொடர்பற்ற விஷயம் என்று ஒதுக்க வேண்டாம். 2025 ஆகஸ்டு 19 முதல் பருத்தி இறக்குமதித் தீர்வை தற்காலிகமாக நீக்கப்பட்டது. முதலில் செப்டம்பர் முடிய என்றனர், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தனர். ஆலைகளும் ஆடை ஏற்றுமதியாளரும் மகிழ்ந்தனர். அமெரிக்கா விதித்த கடும் தீர்வையால் அவர்கள் இடருற்றிருந்த நேரம் அது. ஆனால் வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் புதுப் பருத்தி சந்தைக்கு வருவது அக்டோபர் முதல். அதே மாதங்களில் தீர்வையற்ற பருத்தி துறைமுகத்தில் இறங்கினால் விலை என்னாகும் என்று விளைவித்தவன் கலங்குவது இயல்பல்லவா? நம் காரைக்காலில் நெல் அறுத்த வயலில் போட்ட பருத்தி கோடையில் வெடிக்கிறது. அடுத்த முறை விலக்கு கோடையில் வந்தால் அக்கலக்கம் காரைக்காலுக்கு வரும்.

இங்கேதான் பிணைக் கிடங்கின் உண்மையான பயன் விளங்குகிறது. எல்லோருக்கும் தீர்வையை நீக்குவதற்குப் பதில், ஏற்றுமதிக்கென வரும் பருத்திக்கு மட்டும் பிணைக் கிடங்கின் வழியே தீர்வையைத் தள்ளி வைத்தால், ஆலைக்கு வேண்டிய உதவி கிடைக்கும். உள்நாட்டுச் சந்தையில் விளைவித்தவனின் விலையும் காக்கப்படும். கிடங்கு என்பது கதவு. திறக்கவும் மூடவும் கூடியது. முழு விலக்கு என்பது சுவரையே இடிப்பது. நெசவாளியும் விவசாயியும் ஒருவர் நன்மைக்காக மற்றவர் நலிய வேண்டியதில்லை என்பதற்கு இவ்வொரு வழி இருக்கிறது. கதவின் கணக்கு மட்டும் நேராக இருத்தல் வேண்டும். இஸ்லாம்பூர்ச் சந்தையின் பாடம் அதுவே.

ஆகவே சங்கங்களின் சிந்தனைக்குச் சில யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, ஏற்றுமதிக்கெனச் சரக்கு விற்கும் ஒவ்வொரு சங்கமும் எழுத்து மூல ஒப்பந்தம் செய்து கொள்க. தீர்வைத் திருப்பத்தில் சங்கத்துக்கு இத்தனை பங்கு என்றோ, அதனை உட்கொண்டே விலை நிர்ணயிக்கப்பட்டது என்றோ அதில் ஒரு வரி இடம் பெறுக. தணிக்கைப் படிவத்தில் அதற்கு ஒரு கலம் சேர்க்குமாறு நாம் நம் மேலதிகாரிகளுக்கு எழுதுவோம். சங்கங்களும் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புக.

இரண்டாவது, ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண் பெறுவது தனியார்க்கு மட்டும் உரியதன்று. தொடக்கச் சங்கம் ஒவ்வொன்றும் அதனைப் பெற்று அல்லற்பட வேண்டியதில்லை. தலைமைச் சங்கம் ஒன்று பெற்று, ஆண்டில் ஒரு சரக்கேனும் தன் பெயரில் கப்பலேற்றிப் பழகுக. 2023 ஜனவரியில் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ்த் தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. கூட்டுறவாளருக்கெனவே தோன்றிய அந்நிறுவனத்தின் கதவைத் தட்டிப் பார்ப்பதில் நமக்கு இழப்பு ஏதுமில்லை.

மூன்றாவது, பிணைக் கிடங்கை எல்லாச் சங்கமும் கேட்க வேண்டாம். இறக்குமதிப் பட்டும் சாயமும் மிகுதியாகப் பயன்படுத்தும் சங்கங்கள் ஒன்று கூடிப் பொதுவான கிடங்கு ஒன்று அமைப்பதால் இலாபம் உண்டா என்று மட்டும் கணக்கிட்டுப் பார்க்கலாம். கணக்கில் தேறினால் தொடங்கலாம். தேறாவிடின் ஆசையை விடலாம். நான்காவது, மண்டலத்துக்கென எடுத்துப் பயன்படாமற் கிடந்த நிலம் எவ்வழியில் செல்லினும், உழுதவரின் குடும்பத்துக்கும் கூட்டுறவுச் சாயச்சாலைகளுக்கும் அதில் முதலிடம் வேண்டும் என்று இப்பொழுதே கேட்போம். கேட்பவர் இல்லாத இடத்தில் முடிவு வேறு யாருக்கோ சாதகமாக அமைவது வழக்கம்.

கோரிமேட்டுச் சாலையில் இன்று சுங்கக் காவல் இல்லை. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் வணிகவரிச் சாவடியும் இல்லை. லாரிகள் நில்லாமற் செல்கின்றன. எல்லைக்கோடு சாலையிலிருந்து மறைந்து, காகிதத்துக்குள் புகுந்து கொண்டது. அக்காகிதத்தைப் படிக்கக் கற்றவன் அதனைத் தாண்டுகிறான். கல்லாதவன் அதன் இப்புறத்திலேயே நிற்கிறான். நாம் மீண்டும் அம்முதிய தலைவரைக் காணச் செல்லும் நாள் ஒன்று வரும். அன்று அவர் தம் ஏட்டைத் திறந்து, ஒப்பந்தத்தை முதலில் எடுத்து நீட்டுவாராயின், ஆயிரம் ஏக்கர் மண்டலம் அமைந்ததை விட அதனையே பெரிய ஏற்றுமதி வளர்ச்சியாகக் கொள்வோம்.